முத்திரை இல்லாத கட்டுரை

லாரியின் மேல் ஏறி நின்று யுன்ஷியா செங்கல்லால் பூட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது அடியில் உடைந்தது செங்கல்தான். பூட்டு அசையவில்லை.

"அக்கா, இறங்குங்க!" கீழேயிருந்து லாரி டிரைவர் கத்தினான். "ஏத்தியாச்சுன்னா அது எங்க சாமான். பன்னெண்டு மணிக்கு நான் மில்லுல இருக்கணும்."

"உங்க மில்லுக்குக் காகிதம்தானே வேணும்? காகிதம் இதுக்குள்ள இருக்கு. தொறந்து குடுத்தா ஆகாதா?"

"அலமாரியோடவே போட்டு அரைச்சுக்குவாங்க. நீங்க கஷ்டப்படாதீங்க."

"இரும்பை அரைக்கிற மில்லு எந்த ஊர்ல இருக்குப்பா? முதல்ல அதைச் சொல்லு."

டிரைவர் சிரித்துவிட்டான். சிரித்தவன் கோபப்பட முடியாது என்பது யுன்ஷியாவுக்குத் தெரியும். குனிந்து இன்னொரு செங்கல்லை எடுத்தாள். டிசம்பர் மாதக் குளிரில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. காலடியில் கட்டுக்கட்டாகப் பழைய இதழ்கள். பன்றிக் காய்ச்சல், முட்டைக்கோஸ் விளைச்சல், சிறந்த மருமகளுக்குப் பரிசளிப்பு என்று முப்பத்தேழு வருடத்து 'வடபுறநகர் நாளிதழ்' மொத்தமும் அவள் செருப்புக்கடியில் கிடந்தது. நடுவில், ஆள் உயரத்தில், பச்சை பெயின்ட் அடித்த ஒற்றை இரும்பு அலமாரி.

கோட்டுப் பையில் போன் அடித்தது. அண்ணன் லெய்.

"கெடைச்சுதா?"

"பூட்டை உடைச்சிட்டிருக்கேண்ணே."

"மணி பதினொண்ணு பத்து. பன்னெண்டுன்னு உனக்குச் சொல்லியிருக்கேன். ஆறாம் பிளாக் வாசல்லதான் உக்காந்திருக்கேன். ஒத்தைக் கண்ணன் உள்ளதான் இருக்கான். ஜன்னல்ல தலை தெரியுது."

"கையில என்ன வெச்சிருக்கே?"

தரையில் மரம் தட்டும் சத்தம் போனில் கேட்டது.

"மம்பட்டிக் காம்பு. பழசு அன்னிக்கே உடைஞ்சு போச்சே. இது புதுசு."

"அண்ணே, நான் போன் பண்ற வரைக்கும் எந்திரிக்காத. சத்தியம் பண்ணு."

"பன்னெண்டு வரைக்கும் சத்தியம். அதுக்கு மேல என்கிட்ட சத்தியம் கிடையாது."

போனை வைத்துவிட்டான்.

பழைய காம்பு உடைந்தது இருபத்தொரு வருடங்களுக்கு முன்பு. இவர்கள் சித்தப்பா என்று கூப்பிட்ட கோங் என்ற தபால்காரரின் முகத்தில். அதில் கோங்கின் இடது கண் போயிற்று. லெய்க்கு எட்டு வருடச் சிறை. வெளியே வந்தவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, குடிக்கக் கற்றுக்கொண்டான். கோங் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய், தொலைதூர மாகாணத்தில் மகள் வீட்டில் இருந்தார். இப்போது மனைவி இறந்து, அஸ்தியைச் சொந்த ஊர் மண்ணில் புதைக்க வந்து, ஆறாம் பிளாக்கில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறார். வந்த செய்தி நேற்று சாயங்காலம் லெய் காதுக்கு எட்டியது.

'இன்னொரு கண் பாக்கியிருக்கு' என்று அவன் சொன்னபோது, யுன்ஷியாதான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரு நாள் தவணை வாங்கினாள். 'நாளைக்கு எங்க ஆபீசை மூடறாங்க. அந்த அலமாரி வெளிய வந்துடும். அப்பாவை யார் காட்டிக்கொடுத்தாங்கன்னு அதுல இருக்கும். கோங் சித்தப்பாதான்னு அதுல இருந்தா, நான் உன்னைத் தடுக்க மாட்டேன்.'

சொல்லிவிட்டாள். இப்போது பூட்டு திறக்கவில்லை.

"யுன்ஷியா! கீழ இறங்கும்மா!" அலுவலகப் படிக்கட்டிலிருந்து போட்டோகிராபர் கூப்பிட்டான். பழையவர்கள், புதியவர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று ஐம்பது பேர் கடைசிப் படத்துக்காக மூன்று வரிசையில் நின்றார்கள். "நாளிதழோட கடைசிப் போட்டோவுல நீ குப்பை லாரி மேல நிக்கற!"

"லாரியையும் சேர்த்து எடுப்பா," என்றது பின்வரிசையில் ஒரு குரல். "அதுதான் உண்மைச் செய்தி. முப்பத்தேழு வருஷத்துல ஒண்ணாவது போடுவோம்."

சிரிப்பு எழுந்து, பாதியில் நின்றது.

முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஃபெய் மட்டும் சிரிக்கவில்லை. எழுபத்து நான்கு வயது. கிராமச் செய்திப் பக்கத்தின் முன்னாள் தலைவர். பச்சை அலமாரி அவருடையது; அச்சில் வராத கட்டுரைகளும் கடிதங்களும் அதற்குள்தான் போகும். அவர் மெல்ல எழுந்து லாரியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

யுன்ஷியா பார்த்துவிட்டாள். பூட்டை இன்னும் வேகமாக அடித்தாள்.

பத்தொன்பது வருடங்களாக இந்த அலுவலகத்தில் இதழ்களை பைண்டு செய்யும் அறையில் வேலை பார்க்கிறாள். சேர்ந்ததே இந்த அலமாரிக்காக. சாவி ஃபெய்யிடம் என்றது பொது அலுவலகம். பொது அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன் என்றார் ஃபெய். இரண்டு பேரும் அலுக்காமல் அதையே சொன்னார்கள். நேற்றைய இதழின் முதல் பக்கத்தில் 'ஜனவரி ஒன்று முதல் வெளியீடு நிறுத்தப்படுகிறது' என்று இரண்டு வரி வந்தது. அதற்குப் பிறகு சாவியைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அலமாரி பூட்டோடு லாரியில் ஏறியது.

நிறுத்தியதில் ஆச்சரியமில்லை. இந்த நாளிதழைப் படித்தவர்கள் விவசாயிகள். அவர்களுடைய நிலத்தின் மேல் முப்பது மாடிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. பெய்டான் கிராமமே இப்போது ஏழு பிளாக். முட்டைக்கோஸ் விலையை எந்த மாடியில் இருப்பவனுக்குச் சொல்வது?

ஆனால் தொண்ணூற்றேழில் அப்படியில்லை. ஊருக்கு ஊர் ஒரு நிருபர். சம்பளம் கிடையாது. வருடக் கடைசியில் நாளிதழின் பெயர் அச்சிட்ட ஒரு பிளாஸ்க்கோ துண்டோ கொடுப்பார்கள். பெய்டான் நிருபர் லுவான் தேமாவ், யுன்ஷியாவின் அப்பா, பீச் பழத் தோட்டக்காரர். அறுபத்து மூன்று செய்திகள் அச்சில் வந்தன. எல்லாவற்றையும் வெட்டி, கஞ்சிப் பசையால் நோட்டில் ஒட்டி வைத்திருந்தார்.

அறுபத்து நான்காவது, மணல் குழியைப் பற்றியது. ஊர்த் தலைவர் ஹௌவின் மைத்துனன் ஆற்றங்கரையைத் தோண்டித் தோண்டி மூன்று ஆள் ஆழத்துக்குக் குழி பறித்திருந்தான். அந்தக் கோடையில் இரண்டு குழந்தைகள் அதில் மூழ்கினார்கள். அப்பா எழுதினார். அக்டோபர் பதினெட்டாம் தேதி காலையில் அப்பாவே அதே குழியில் மிதந்தார். குடித்துவிட்டு விழுந்தார் என்று எழுதிக்கொண்டு போனது போலீஸ். அப்பா வாழ்நாளில் பீர் பாட்டிலைக்கூட முகர்ந்தவரில்லை.

கட்டுரை அச்சில் வரவேயில்லை. அப்படியானால் அதில் இருப்பது ஹௌவுக்கு எப்படித் தெரிந்தது? கடிதத்தைத் தொட்டது ஒரே ஆள். தபால்காரர் கோங், பக்கத்து வீட்டுக்காரர், அப்பாவோடு தினமும் சதுரங்கம் ஆடியவர். ஊர் முடிவு செய்துவிட்டது. நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் லெய் மண்வெட்டியோடு போனான்.

யுன்ஷியாவுக்கு மட்டும் ஒரு நெருடல். கண்ணில் ரத்தம் கொட்டியபோதும் கோங் சித்தப்பா 'நான் இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குற்றம் செய்தவன்கூடச் சொல்லுவானே?

"இந்தாங்க அக்கா." டிரைவர் கீழேயிருந்து ஜாக்கி கம்பியை நீட்டினான். "உங்க செங்கலை நம்பினா எனக்கு நாளைக்குத்தான் விடியும்."

கம்பியை வளையத்துக்குள் நுழைத்து முழு உடம்பையும் சாய்த்தாள். பூட்டு பட்டென்று தெறித்தது.

"திறக்காதம்மா," என்றார் ஃபெய். லாரியின் அடியில் வந்து நின்றிருந்தார். மூச்சு வாங்கியது.

"பூட்டு போச்சு ஐயா. இனிமே யார்கிட்ட சாவி இருக்குன்னு நாம சண்டை போட வேண்டாம்."

"உன் நல்லதுக்குச் சொல்றேன்."

"என் நல்லது ஆறாம் பிளாக் வாசல்ல கட்டையோட உக்காந்திருக்கு. பன்னெண்டு மணி வரைக்கும்தான் உக்காந்திருக்கும்."

ஃபெய்யின் முகம் வெளுத்தது. "யாருக்காக உக்காந்திருக்கான்?"

"வேற யாருக்கு? கோங் சித்தப்பாவுக்கு. மனைவி அஸ்தியைப் புதைக்க வந்திருக்கார்."

கிழவர் லாரியின் பக்கவாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, இத்தனை வருடங்களில் அவள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"மேல் தட்டு. இடது பக்கம். பழுப்பு ஃபைல். சீக்கிரம் எடு."

ஃபைலின் மேல் '1997 அக்டோபர்' என்றிருந்தது. உள்ளே மூன்றே உருப்படிகள். ஒரு கார்பன் நகல், ஒரு கடிதம், ஒரு தடித்த உறை.

யுன்ஷியா லாரியிலிருந்து குதித்தாள். அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"ஃபைல் கையில இருக்குண்ணே. ஃபெய் ஐயாவும் பக்கத்துல இருக்கார். படிக்கறேன், கேளு."

"படி."

கார்பன் நகல், ஃபெய் அப்பாவுக்கு எழுதியது. 'தோழர் லுவான் தேமாவ், உங்கள் மணல் குழிக் கட்டுரை கிடைத்தது. இவ்வளவு நல்ல கட்டுரை எங்கள் பக்கத்துக்கு இதுவரை வந்ததில்லை. ஆனால் ஊர் முத்திரை இல்லை. முத்திரை இல்லாமல் தலைமை ஆசிரியர் அனுமதிக்க மாட்டார். திருப்பி அனுப்புகிறேன். முத்திரையோடு வந்தால் முதல் பக்கத்தில் போடுகிறேன்.'

போனில் அண்ணனின் மூச்சு கேட்டது. "என்ன முத்திரை?"

ஃபெய் போனுக்குக் குனிந்தார். "சட்டம்ப்பா. ஊர் நிருபர் எழுதற செய்தி உண்மைதான்னு ஊர் அலுவலகம் முத்திரை போடணும். கோழி முட்டை போட்டதுன்னு எழுதினாலும் முத்திரை வேணும். அது இருந்தாத்தான் நாங்க அச்சுக்கு அனுப்புவோம். எல்லாருக்கும் ஒரே சட்டம்."

"ஊர் முத்திரை ஹௌகிட்டதானே இருந்துச்சு?" லெய்யின் குரல் உயர்ந்தது. "அந்த ஆளைப் பத்தி எழுதின கட்டுரைக்கு அந்த ஆளே முத்திரை போடணுமா? உனக்கு அறிவில்லையா, பெரியவரே?"

"இல்லப்பா." ஃபெய் மறுக்கவில்லை. "அன்னிக்கு இல்ல. நாப்பது கட்டுரை மேஜையில கிடக்கும். முத்திரை இல்லாததுக்கெல்லாம் 'முத்திரை வேணும்'னு எழுதி அனுப்புவேன். இதுக்கும் கை தானா எழுதிடுச்சு. ரொம்பப் பிடிச்சுப்போன கட்டுரைங்கறதால முதல் பக்கம்னு ஒரு வரி கூடச் சேர்த்தேன். அந்த ஒரு வரி போதும் அவருக்கு."

யுன்ஷியா இரண்டாவது தாளைப் பிரித்தாள். அப்பாவின் எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் நாற்று நட்டதுபோல வரிசையாக நின்றது. இருபத்தொரு வருடம் கழித்துப் பார்க்கிறாள். படித்தாள்.

'ஆசிரியர் ஃபெய் அவர்களுக்கு. நீங்கள் சொன்னது சரி. அறுபத்து மூன்று செய்திகள் அனுப்பினேன், ஒன்றுகூட முத்திரை இல்லாமல் அனுப்பியதில்லை. இதை மட்டும் அப்படி அனுப்பியது என் தவறு. பயந்துவிட்டேன். நாளைக் காலை நானே தலைவர் ஹௌவிடம் போய்க் கேட்கிறேன். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். படித்துப் பார்த்தால் போட்டுக்கொடுப்பார். முதல் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வந்த பிறகு காட்டலாம் என்று இருக்கிறேன்.'

படிக்கட்டில் போட்டோகிராபர் 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணுவது கேட்டது. எல்லோரும் ஒரே குரலில் எதையோ கத்திச் சிரித்தார்கள்.

"அண்ணே?" என்றாள். "அப்பாவே போயிருக்கார்ண்ணே. யாரும் காட்டிக்கொடுக்கல. கட்டுரையைக் கையில எடுத்துக்கிட்டு, அவன்கிட்டயே போய்..."

"நிறுத்து." லெய்யின் குரல் வறண்டிருந்தது. "போறேன்னுதானே எழுதியிருக்கார்? போனாரா? யாருக்குத் தெரியும்? இந்தக் கடுதாசியும் அந்த ஒத்தைக் கண்ணன் பையிலதானே வந்துச்சு? பிரிச்சுப் படிச்சு, நாளைக்கு வரப்போறார்னு முந்திக்கிட்டுச் சொல்லியிருப்பான். இல்லன்னா அன்னிக்கு நான் அடிக்கும்போது ஏன் வாயைத் திறக்கல? சொல்லு. ஏன் திறக்கல?"

மணி பார்த்தாள். பதினொன்று நாற்பத்தெட்டு.

"அப்பா போனார்," என்றார் ஃபெய். "முத்திரையும் வாங்கினார். அந்த உறையைத் திற."

உறைக்குள் நான்கு தாள்கள். மடிப்புகளில் வியர்வைக் கறை. 'மணல் குழி' என்ற தலைப்பு. கடைசித் தாளின் அடியில், அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில், ரத்தச் சிவப்பில் வட்டமாக, நடுவில் நட்சத்திரத்தோடு, பெய்டான் ஊர் முத்திரை. கீழே தேதி, அக்டோபர் பதினேழு.

"போட்டிருக்கான்," என்றாள் யுன்ஷியா. அவளால் நம்ப முடியவில்லை. "ஹௌ முத்திரை போட்டிருக்கான்."

"முழுசாப் படிச்சிட்டு, டீ குடுத்து, சிரிச்சுக்கிட்டே போட்டானாம். அவனுக்கென்ன நஷ்டம்? தபால் பையைக் கட்டறதும் அதே ஆபீஸ்ல. இந்தத் தாள் ஊரைத் தாண்டாதுன்னு நெனச்சான். மறுநாள் உங்கப்பா பொணம் கிடைச்ச கையோட அவன் ஆளுங்க தபால் பையைக் கொட்டித் தேடியிருக்காங்க. பையில இல்ல. அப்பா பையில போட வேண்டாம், பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்த்துடுன்னு வேறொருத்தர் கையில குடுத்திருந்தார்."

"டீ குடுத்ததெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கொண்டுவந்தவர் சொன்னார். அப்பா அவர்கிட்ட சந்தோஷமாச் சொல்லிச் சிரிச்சாராம்."

"முத்திரை இருந்துச்சே!" யுன்ஷியாவின் குரல் கிறீச்சிட்டது. "உங்க சட்டப்படி எல்லாம் சரியா இருந்துச்சே! ஏன் போடல?"

"தலைமை ஆசிரியர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். 'எழுதினவன் செத்துட்டான், செய்தி உண்மையான்னு யாரைக் கேக்கறது?'ன்னார். அலமாரியில வெச்சுப் பூட்டச் சொன்னார். பூட்டினேன்." ஃபெய் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "எனக்கு அப்போ ஐம்பத்து மூணு வயசு. பொண்ணு காலேஜ்ல இருந்தா. அதுக்கப்புறமும் ஓய்வு பெறற வரைக்கும் இந்த நாளிதழ்ல என் பேர் வந்துச்சு. நாலு வருஷம் முன்னாடி ஹௌ செத்தப்போ, அவனுக்கு இரங்கல் செய்தி போட்டோம். மக்கள் தொண்டர்னு. அதை எழுதச் சொல்லி எனக்குத்தான் வீட்டுக்குப் போன் வந்துச்சு. எழுதிக் குடுத்தேன்."

டிரைவர் சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து நின்றிருந்தான். யுன்ஷியாவுக்கு அந்தக் கிழவரை அறையவேண்டும்போல இருந்தது. கையில் தாள்கள் இருந்தன.

"இந்தக் கதையெல்லாம் அப்புறம் கேக்கறேன்." போனில் லெய். நாற்காலி உராயும் சத்தம் கேட்டது. எழுந்துவிட்டான். "ஜன்னல்ல தலை காணோம். வெளிய கிளம்பறான் போல. சாயங்கால ரயில். நான் போனை வைக்கறேன்."

"அண்ணே! பன்னெண்டு ஆகல! சத்தியம் பண்ணியிருக்கே!"

"அப்போ சீக்கிரம் சொல்லு. அவன் வாயைத் திறக்காததுக்கு ஒரு காரணம் சொல்லு."

"நான்தான் காரணம்." ஃபெய் போனை அவள் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சத்தம் போட்டே பேசினார். "தம்பி, கேளு. பொணம் எடுத்த மறுநாள், பத்தொன்பதாம் தேதி, இந்த உறையை ஒருத்தர் என் மேஜையில கொண்டுவந்து வெச்சார். முப்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு வந்திருந்தார். சட்டைக்குள்ள வயித்தோட கட்டி ஒளிச்சு வெச்சிருந்தார். ஹௌ ஆளுங்க அவர் வீட்டையும் கவுத்துப் போட்டுத் தேடியாச்சு. நான் பயந்துட்டேன். 'நீங்க இங்க வரவே இல்ல. போலீஸ் கேட்டாலும், தேமாவோட பிள்ளைங்களே கேட்டாலும், வாயைத் திறக்காதீங்க. தெரிஞ்சா அடுத்த பொணம் நீங்க, அதுக்கடுத்தது அந்தப் பிள்ளைங்க'ன்னேன். செத்துப்போன உங்கப்பா பேர்ல சத்தியம் வாங்கினேன். அவர் காப்பாத்திட்டார். ரெண்டே மாசத்துல நடந்ததைக் கேள்விப்பட்டேன். அப்பவாவது நான் கோர்ட்டுக்கு வந்து சொல்லியிருக்கணும். சொல்லல."

போனில் காலடிச் சத்தம் நின்றது.

"யாரு?" என்றான் லெய் கடைசியில். "கொண்டுவந்தது யாரு?"

ஃபெய் தலையை ஆட்டினார்.

"என் வாயால வரலம்மா. நேர்ல குடுக்கற கட்டுரைக்குப் பேர் எழுதி வெக்கணும்னு அதுக்கும் ஒரு சட்டம். உறைக்குப் பின்னால எழுதியிருக்கேன். நீயே சொல்லு."

யுன்ஷியா உறையைத் திருப்பினாள். தபால் தலை இல்லை. நீல மையில் ஃபெய்யின் பழைய, உறுதியான கையெழுத்து. அக்டோபர் 19, மாலை 4.10. நேரில் கொடுத்தவர்:

"படி, யுன்ஷியா," என்றான் அண்ணன். சிறுவயதுக்குப் பிறகு அவள் கேட்டேயிராத குரல்.

அவள் படித்தாள்.

"கோங் பாவ்தியன். தபால்காரர். பெய்டான் கிராமம்."